கீமோவுக்கு முன் எதைத் தேர்ந்தெடுப்பது? ஓய்வு, டின் மாவு, வீட்டுச் சாப்பாடு, பயிற்சி: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று முடிவு வந்துவிட்டால் ஆலோசனைக்குப் பஞ்சமிருக்காது. பக்கத்து வீட்டு அக்கா டின் மாவு, அதாவது டின்னில் வரும் ஊட்டச்சத்து மாவு, வாங்கி வருவார். மாமா, “அசையாமல் படுத்திருக்கட்டும்” என்பார். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் உடற்பயிற்சிக் காணொளி அனுப்புவான். இனிப்பையும் இறைச்சியையும் உடனே நிறுத்தச் சொல்லும் குரல் செய்தி ஒன்று எங்கிருந்தோ வந்து சேரும். வீட்டில் இருக்கும் பணமோ அளவானது. பார்த்துக்கொள்ளவும் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். அதனால்தான் எனக்கு வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன: “அம்மாவுக்கு மூன்று வாரத்தில் கீமோ தொடங்குகிறது. எதை முதலில் செய்வது? எதற்குப் பணம் செலவிடுவது?”

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு, வீட்டுச் சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டுவதும், தசைக்கு வேலை கொடுக்கும் எளிய பயிற்சியும் சேர்ந்ததே முதல் தேர்வு. டின் மாவு, சாப்பிட முடியாத நாட்களுக்கான துணை. காசு கேட்காத முழு ஓய்வுதான் கடைசியில் அதிக விலை கேட்கிறது. ஆனால் இந்த வரிசை தலைகீழாக மாறும் நிலைமைகளும் உண்டு. அவற்றையும் கீழே சொல்கிறேன்.

## எடை வேறு, தசை வேறு

இந்த ஒப்பீடு முழுவதும் தசையைச் சுற்றியே ஓடுகிறது. ஏன் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றவை விளங்கா.

கீமோ மருந்தின் அளவைப் பெரும்பாலும் நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஒரே உயரமும் அறுபது கிலோ எடையும் உள்ள இரண்டு பெண்களுக்கு ஒரே அளவு மருந்து எழுதப்படும். ஆனால் ஒருவர் உடம்பில் தசை அதிகமாகவும், இன்னொருவர் உடம்பில் தசை கரைந்து கொழுப்பு அதிகமாகவும் இருக்கலாம். நீரில் கரையும் பல மருந்துகள் கொழுப்பில் பரவுவதைவிடத் தசை போன்ற திசுக்களிலேயே அதிகம் பரவுகின்றன. தசை குறைந்தவருக்கு அதே அளவு மருந்து கடுமையாக இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, இரத்த அணுக்கள் சரிவது எல்லாம் கூடும். பிறகு மருந்தைக் குறைப்பார்கள், அல்லது அடுத்த சுற்றைத் தள்ளி வைப்பார்கள். நோயைக் குணமாக்கும் நோக்கத்தோடு தரப்படும் சிகிச்சையில் இப்படிக் குறைவதும் தள்ளிப்போவதும் சின்ன விஷயமல்ல.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லா பிராடோவும் அவருடைய குழுவினரும் இதை சிடி ஸ்கேன் வழியாகப் பார்த்தார்கள். மூன்றாவது இடுப்பு முதுகெலும்பின் மட்டத்தில் தசை எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். 2008-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, உடல் பருமனாக இருப்பவர்களிலும் தசை குறைந்தவர்கள் உண்டு என்பதையும், அவர்கள் வாழ்ந்த காலம் குறைவாக இருந்தது என்பதையும் காட்டியது. நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி இருபது முப்பது ஆண்டுகள் உழைத்த அம்மா, வேலையை விட்ட பிறகு இடுப்பு பெருத்து, தொடை மெலிந்து இருப்பார். நீரிழிவும் சேர்ந்திருக்கும். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். தராசும் எச்சரிக்காது.

ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் வீட்டிலேயே மூன்று அளவுகளை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலாவது எடை. ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல், அதாவது அறுபது கிலோவில் மூன்று கிலோவுக்கு மேல் தானாகக் குறைந்திருந்தால் அது எச்சரிக்கை. இரண்டாவது கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு. ஆசிய நாடுகளுக்கான 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் மேலும் சோதிக்கச் சொல்கிறது. மூன்றாவது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்பது. பன்னிரண்டு வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். கால் வீங்கியிருந்தாலோ வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ எடையும் கெண்டைக்கால் அளவும் ஏமாற்றும். அப்போது மூன்றாவது அளவைத்தான் நான் நம்புவேன்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஐந்து கேள்விகள். தசையைக் காக்கிறதா, வெறும் எடையை மட்டும் கூட்டுகிறதா? கீமோ போட்ட மறுநாள் போன்ற மோசமான நாளிலும் முடியுமா? வெளியே தெரியும் செலவோடு தெரியாத செலவு எவ்வளவு? வீட்டில் யார் தலையில் வேலை விழுகிறது? தவறாகப் போனால் என்ன ஆபத்து?

மருத்துவர்கள் பின்பற்றும் ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி, புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம் வரை புரதமும் வேண்டும் என்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 1500 முதல் 1800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## முழு ஓய்வும் கஞ்சியும்

நோயாளியை நேசிக்கும் வீடுகள் முதலில் செய்வது இதுதான். காசு வேண்டாம், கஞ்சி எளிதில் இறங்கும், அம்மாவும் களைத்திருக்கிறார். இதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை நான் நன்றாக அறிவேன்.

ஆனால் தசை விஷயத்தில் இது மோசமான தேர்வு. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. புற்றுநோயோ உடம்பில் அழற்சியை மூட்டித் தசையை இன்னும் வேகமாகக் கரைக்கிறது. வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டெராய்டு மருந்தும் நீண்ட நாள் தொடர்ந்தால் தொடையையும் தோளையும் பலவீனமாக்கும்.

கஞ்சியின் கணக்கையும் பாருங்கள். நாள் முழுவதும் மூன்று கிண்ணம் அரிசிக் கஞ்சி, இரண்டு குவளை மைலோ, நாலைந்து கிரீம் கிராக்கர் பிஸ்கட் என்றால் புரதம் இருபது கிராமைத் தொடுவதே அரிது. வேண்டியது அறுபது. வயிறு நிறைந்துவிடும், வீட்டாருக்கும் நிம்மதியாக இருக்கும். உடம்போ தன் தசையை எடுத்தே செலவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு மாதம் கழித்துத் தெரிய வரும். கழிப்பறைக்குப் போகக் கைத்தாங்கல் வேண்டும். மகள் வேலையை விட வேண்டியிருக்கும். விழுந்து எலும்பு முறிந்தால் சிகிச்சையே நின்றுபோகும்.

ஓய்வு சரியான தேர்வாகும் நேரங்கள் உண்டு. 38 பாகை காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நிற்காத வயிற்றுப்போக்கு, மருத்துவர் ‘அசையக் கூடாது’ என்று சொன்ன எலும்புப் பாதிப்பு, இவற்றில் பயிற்சி பற்றிப் பேசவே கூடாது. காய்ச்சல் வந்தால் வீட்டில் ஓய்வெடுத்துப் பார்ப்பதும் தவறு. அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கும் இந்தக் கணக்குகள் எதுவும் வேண்டாம். அவர் விரும்பியதை, விரும்பிய அளவு கொடுப்பதே போதும்.

## டின் மாவு

மருந்துக்கடையில் கிடைக்கும் ஊட்டச்சத்து மாவைச் சொல்கிறேன். சுங்கை சிப்புட் மருந்துக்கடைகளில் எண்ணூற்றுச் சொச்சம் கிராம் டின் நூறு வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டியோ தாண்டியோ விற்கிறது. அதில் பதினான்கு பதினைந்து குவளை வரும். டின்னின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பொதுவான வகைகளில் ஒரு குவளையில் ஏறக்குறைய 230 கலோரியும் ஒன்பது கிராம் புரதமும் இருக்கும். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது.

அதாவது அறுபது கிராம் புரதத்தை மாவிலிருந்து மட்டுமே எடுப்பதென்றால் நாளொன்றுக்கு ஏழு குவளை குடிக்க வேண்டும். இரண்டு நாளில் ஒரு டின் தீரும். யாராலும் முடியாது. நாளைக்கு இரண்டு குவளை என்று நிதானமாகக் குடித்தாலே வாரம் ஒரு டின், மாதம் நானூறு வெள்ளிக்கு மேல். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், ஒருவர் சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இதற்கே போகிறது. அந்த நானூறு வெள்ளிக்காக வீட்டில் மீனும் கோழியும் குறைக்கப்படுகின்றன என்றால் நோயாளிக்கு இலாபமில்லை, நஷ்டம்தான்.

இருந்தும் மாவை நான் ஒதுக்கவில்லை. கீமோ போட்ட முதல் சில நாட்களில் சமையல் வாசனையே குமட்டும்போது, குளிரவைத்த ஒரு குவளை இறங்கும். மெல்ல முடியாதவருக்கு உதவும். பார்த்துக்கொள்பவர் வேலைக்குப் போய்விட்ட பகலில் நோயாளி தானே கலக்கிக் குடித்துக்கொள்ளலாம். டயட்டீஷியன் ஒருவர் பார்த்து, எத்தனை குவளை, எப்போது என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. உணவுக்குப் பதிலாக இல்லாமல் இரண்டு உணவுகளுக்கு நடுவில் சிறிது சிறிதாகக் குடிப்பதே முறை.

நீரிழிவுக்காரர்கள் சாதாரண மாவில் உள்ள சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கென்று தனி வகை உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் புரத மாவையும், குறிப்பாக உடற்கட்டுப் பயில்வோர் குடிக்கும் வகைகளை, தாமாகத் தொடங்கக் கூடாது.

மாவோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் சிக்கன் எசன்ஸ் போத்தல் இருக்கும். ஒரு சிறு போத்தலில் இருக்கும் புரதம் ஒரு முட்டை அளவுதான், கலோரியோ அதிலும் குறைவு. அதே பணத்தில் பத்து முட்டை வாங்கிவிடலாம். வருகிறவர்களிடம் முட்டைத் தட்டு வாங்கி வரச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

## வீட்டுச் சாப்பாட்டில் புரதம்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நம் கையில் உண்மையாகவே இருப்பது இதுதான்.

நன்றாக வேகவைத்த மூன்று முட்டை: 18 கிராம். உள்ளங்கை அளவு கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி): 20 கிராம். நூறு கிராம் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி): ஏறக்குறைய 19. கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம்: 14 அளவில். கஞ்சியிலும் தேநீரிலும் பிரித்துக் கலக்கும் நான்கு தேக்கரண்டி நிறைய முழுக் கொழுப்புப் பால் மாவு: ஐந்தாறு கிராம். மொத்தம் எழுபதைத் தாண்டிவிடுகிறது. இவற்றில் எதுவும் பாசாரிலோ (சந்தையிலோ) தோட்டத்து மளிகைக் கடையிலோ கிடைக்காததல்ல. தெம்பே ஓரிரு வெள்ளிதான். நம்மில் பலர் அதை மலாய்க்காரர் உணவு என்று நினைத்துத் தொடுவதில்லை. மெல்லியதாக நறுக்கி, மஞ்சளும் மிளகும் சேர்த்து வறுத்தால் நம் சாம்பாருக்குப் பக்கத்தில் அழகாக உட்காரும்.

வேலை நோயாளியின் தட்டில் இல்லை, சமைப்பவரின் பழக்கத்தில் இருக்கிறது. கஞ்சி வைக்கும்போது ஒரு பிடி பாசிப்பருப்பைச் சேர்த்து வேகவிடுங்கள். இறக்கும் முன் முட்டையை உடைத்து ஊற்றி, முழுவதும் வெந்து கட்டியாகும்வரை கிளறுங்கள். ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். கிண்ணத்தின் அளவு அப்படியே இருக்க, புரதமும் கலோரியும் இரட்டிப்பாகும். சூப் வைத்தால் நீரை மட்டும் வடித்துக் கொடுக்காதீர்கள். அறுவைக்குப் பின் விரால் மீன் சூப் கொடுப்பது இங்கே எல்லா இனத்தாரிடமும் இருக்கும் வழக்கம். விராலின் புரதத்தில் பெரும்பகுதி அதன் சதையில் இருக்கிறது. சதையை முள் நீக்கி, மசித்து, அந்தச் சூப்பிலேயே கலந்துவிடுங்கள்.

மூன்று வேளை என்ற வழக்கத்தையும் சிகிச்சைக் காலத்தில் விட்டுவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாலு வாய். காலையில்தான் பலருக்குப் பசி கொஞ்சம் இருக்கும். அப்போது முட்டையையும் மீனையும் கொடுங்கள், பழமும் பிஸ்கட்டும் பிறகு வரட்டும். நாக்கில் உலோகச் சுவை ஏறியிருந்தால் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் கசக்கும். தயிர், தவ்ஹு (சோயாப் பன்னீர்), முட்டை பெரும்பாலும் கசப்பதில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ போடுகிறவர்களில் பலருக்கு முதல் வாரம் துன்பமாகவும் மூன்றாவது வாரம் நன்றாகவும் இருக்கும். அந்த மூன்றாவது வாரத்தை வீணாக்காதீர்கள். முதல் வாரம் இழந்ததை மீட்கக் கிடைக்கும் நேரம் அது.

பத்தியம் பற்றி என் கருத்து உறுதியானது. ‘சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும்’ என்ற குரல் செய்தியை நம்பிச் சோற்றையும் பாலையும் நிறுத்திய நோயாளிகள் முதலில் இழப்பது தம் தசையைத்தான். நீரிழிவுக்காரர் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது வேறு, புற்றுநோயைப் பட்டினி போடுவதாக எண்ணி உடம்பைப் பட்டினி போடுவது வேறு. புரட்டாசி மாதத்தில் மரக்கறி உண்பவர்கள் தெம்பே, பருப்பு, பால், தவ்ஹு கொண்டு அளவை எட்டிவிடலாம். தைப்பூசத்துக்காக ஒருவேளை உணவு என்று நோன்பிருப்பதை மட்டும் அந்த ஆண்டு வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

ஆபத்துகள் இல்லாமலில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை வேண்டவே வேண்டாம். பச்சைக் கீரை உலாமும், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நெடுநேரம் திறந்து கிடந்த பலகாரமும் அப்படியே. தம்புன் பம்பளிமாஸ் நம் மாநிலத்தின் பெருமைதான், ஆனால் சில புற்றுநோய் மாத்திரைகள் இரத்தத்தில் அளவுக்கு மீறி ஏற அது காரணமாகலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்தாளரைக் கேட்ட பிறகே அதைத் தொட வேண்டும். மூலிகைக் கசாயங்களுக்கும் இதே விதி. நாலைந்து நாள் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென நிறையக் கொடுப்பது இரத்தத்தின் உப்புகளைத் தாறுமாறாக்கும். அவரை மருத்துவமனையில் பார்த்தே தொடங்க வேண்டும்.

மறைந்த செலவு இங்கே நேரமும் மனமும். இரண்டு மணிக்கொரு முறை யாராவது அடுப்படியில் நிற்க வேண்டும். அந்த ‘யாராவது’ எப்போதும் ஒரே பெண்ணாக இருந்தால் இந்தத் திட்டம் ஒரு மாதத்தில் உடைந்துவிடும். இரண்டாவது மகனோ மருமகனோ முட்டை அவிக்கக் கற்றுக்கொள்ளட்டும். இன்னொன்று: தசை கரைவது நோயின் வேலை. முற்றிய நோயில் எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் அதை முழுவதும் நிறுத்த முடியாது. ஆகவே சாப்பிடவில்லை என்று அம்மாவைத் திட்டாதீர்கள். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவருக்குப் பசியே வருவதில்லை.

## வலுப் பயிற்சி

உணவு தசைக்கு வேண்டிய பொருளைத் தருகிறது. அதைத் தசையாக மாற்றச் சொல்லும் கட்டளை பயிற்சியிலிருந்து வருகிறது. கனடாவில் நடந்து 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ பெறும் 242 பெண்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு எடை தூக்கும் பயிற்சி, இன்னொன்று நடை, சைக்கிள் போன்ற பயிற்சி, மூன்றாவது வழக்கம்போல். திட்டமிட்ட கீமோவில் நூற்றுக்கு 85 பங்குக்குக் குறையாமல் பெற்றவர்கள், வழக்கம்போல் இருந்த குழுவில் 66 விழுக்காடு. எடைப் பயிற்சிக் குழுவில் 78 விழுக்காடு. மருந்தைத் தாங்குவதற்கும் தசைக்கும் உள்ள உறவைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். 2022-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை பெறுகிறவர்களுக்கு நடைப் பயிற்சியையும் வலுப் பயிற்சியையும் மருத்துவர்களே பரிந்துரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

“தோட்டத்தில் உழைத்த உடம்பு, இதற்கு மேல் என்ன பயிற்சி?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் செம்பனைக் குலை வெட்டிய தோளும், பால்வாளி சுமந்த காலும் வேலை நின்ற சில ஆண்டுகளில் வலுவை விட்டுவிடுகின்றன. தசை பழைய கணக்கை வைத்துக்கொள்வதில்லை.

ஜிம் தேவையில்லை. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எழுந்து உட்காருதல். சுவரில் கை ஊன்றித் தள்ளுதல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துதல். ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுதல். ஒவ்வொன்றும் எட்டு முதல் பதினைந்து முறை, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு நாள். கடைசி இரண்டு மூன்று முறை கடினமாக இருக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. எளிதாகிவிட்டால் கைப்பிடியைத் தொடாமல் எழுங்கள், அல்லது எடையைக் கூட்டுங்கள். மற்ற நாட்களில் வெயில் ஏறும் முன் நடை. களைத்த நாளில் ஒரு சுற்று போதும். நாலு முறை எழுந்து உட்கார்ந்தாலும் அது படுக்கையைவிட மேல்.

மார்பக அறுவைக்குப் பின் கையில் எடையே எடுக்கக் கூடாது, கை வீங்கிவிடும் என்று பல பெண்கள் அஞ்சுகிறார்கள். 2009-இல் வெளியான, ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களைக் கொண்ட ஆய்வில், மெல்ல மெல்லக் கூட்டிய எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகமாக்கவில்லை. முதலில் பிசியோதெரபிப் பிரிவில் காட்டிக் கற்றுக்கொண்டு செய்யலாம்.

பயிற்சியே தனியாகப் போதுமா? போதாது. புரதம் போதாத உடம்பில் எடை தூக்குவது களைப்பைத்தான் தரும். எலும்பில் பரவியிருந்தால், இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தால், இரத்தச்சோகை கடுமையாக இருந்தால், நரம்பு மரத்துப்போய்ப் பாதம் உணர்வற்று இருந்தால், மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சொல்லாமல் தொடங்கக் கூடாது. பணச்செலவு ஏறக்குறைய இல்லை. மறைந்த செலவு, பக்கத்தில் நிற்க ஒரு ஆள். முதல் சில வாரம் தனியே விடாதீர்கள்.

## குழாய் வழி உணவும் பசி மருந்தும்

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம். வெற்றிலை பாக்குப் பழக்கம் அதற்கு ஒரு பெரிய காரணம். வாய்க்கும் தொண்டைக்கும் ஆறு ஏழு வாரம் கதிர்வீச்சு பெறும்போது உள்ளே புண்ணாகி எச்சில் விழுங்குவதே நெருப்பாகிவிடும். அந்த நிலையில் மேலே சொன்ன தெம்பேயும் மீனும் பயன்படா. மருத்துவர் மூக்கு வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாய் வைக்கலாம் என்றால், அதைத் தோல்வி என்று எண்ணி மறுக்காதீர்கள். சிகிச்சை முடிந்து புண் ஆறியதும் பலருக்கு அதை எடுத்துவிடுவார்கள். குழாய் இருக்கும்போதும், மருத்துவர் அனுமதிக்கும்வரை சிறிது நீரையாவது விழுங்கிக்கொண்டே இருப்பது தொண்டைத் தசைக்கு நல்லது.

பசி மருந்துகளில் பழைய மெஜெஸ்ட்ரால் பசியைத் தூண்டும். ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பு, இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், வயிறு, ஈரல், கணையம், நுரையீரல் புற்றுநோயுள்ள 124 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓலான்சபின் என்ற மருந்தை 2.5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கு எடை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடியது. போலி மாத்திரை பெற்றவர்களில் அது 9 விழுக்காடு. தூக்கம் வரும், சர்க்கரை ஏறக்கூடும். பசியே செத்துப்போன நோயாளிக்காக மருத்துவரிடம் இதைக் கேட்பது நியாயம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தசைக்கு | மோசமான நாளில் | பணம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஓய்வும் கஞ்சியும் | கரைக்கும் | எளிது | மிகக் குறைவு | நடமாட்டம் போகும், சிகிச்சை தடைபடலாம் |
| டின் மாவு | ஓரளவு உதவும் | மிக எளிது | மாதம் 400 வெள்ளிக்கு மேல் | வீட்டுச் சாப்பாடு குறையலாம், சர்க்கரை |
| வீட்டுப் புரதம் | நன்கு உதவும் | கடினம் | குறைவு | சமைப்பவரின் நேரம், சலிப்பு |
| வலுப் பயிற்சி | உணவோடு சேர்ந்தால் மிக நன்று | குறைத்துச் செய்யலாம் | இல்லை | துணைக்கு ஆள் |
| குழாய் உணவு | எடையையும் தசையையும் காக்க உதவும் | நடக்கும் | மருத்துவமனை வழி | பராமரிப்பு, மனத்தடை |

## யாருக்கு எது

இன்னும் நடமாடுகிறவர், எடை குறையாதவர், சிகிச்சைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கிறது: வீட்டுப் புரதமும் பயிற்சியும் இன்றே. மாவு வாங்க வேண்டாம், அல்லது முதல் கீமோ வாரத்துக்கு ஒரே ஒரு டின்.

தனியாக வாழ்கிறவர், பிள்ளைகள் வெளியூரில்: இவருக்கு மாவு முதல் இடத்துக்கு வருகிறது. பிள்ளைகள் மாதாமாதம் பணம் அனுப்பினால் அதில் ஒரு பகுதியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துத் தினமும் பருப்பும் முட்டையும் மீனும் சமைத்துத் தரச் செய்வது, மாவு முழுவதற்கும் செலவழிப்பதைவிட நல்லது என்பது என் எண்ணம்.

ஏற்கெனவே ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எடை இழந்தவர்: டயட்டீஷியனுக்காக அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது. மாவும் வீட்டுப் புரதமும் இரண்டுமே வேண்டும், பயிற்சி குறைந்த அளவில்.

நீரிழிவோடு சிறுநீரகமும் பழுதானவர்: நம் சமூகத்தில் இவர்கள் நிறைய. புரத அளவை நீங்களே கூட்டவும் வேண்டாம், பழைய பத்தியத்தின்படி குறைத்துக்கொண்டே போகவும் வேண்டாம். சிறுநீரக மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் பேசி ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும்.

வாய், தொண்டை, உணவுக்குழாய்: குழாய் பற்றிய பேச்சை முதல் சந்திப்பிலேயே தொடங்குங்கள்.

ஈப்போவிலோ பினாங்கிலோ அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு நிபுணர் சந்திப்புக் கட்டணம் ஐந்து வெள்ளிதான். டயட்டீஷியனையும் பிசியோதெரபியையும் பெரும்பாலும் அங்கிருந்தே பரிந்துரைக் கடிதத்தோடு பார்க்கலாம், ஆனால் கேட்டால்தான் எழுதித் தருவார்கள். செலவுக்குத் தவிப்பவர்கள் மருத்துவமனைச் சமூகநலப் பிரிவிடம் மக்னா என்ற புற்றுநோய் உதவி அமைப்பின் உதவியைப் பற்றியும், வேலை செய்ய முடியாமல் போனவர்கள் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் இலாட் (உடல் இயலாமை) ஓய்வூதியத்தைப் பற்றியும் விசாரிக்கலாம்.

மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: அம்மாவின் எடை கடந்த முறையைவிட எவ்வளவு மாறியிருக்கிறது? அவருக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம்? எலும்பு, தட்டணு, இதயம் இவற்றில் பயிற்சிக்குத் தடை ஏதும் உண்டா? இவர் சாப்பிடும் மாத்திரைக்கு ஆகாத பழம், மூலிகை எவை? காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழும் நேரத்தை வாரம் ஒரு முறை அதன் கீழேயே குறித்து வாருங்கள். அது இரண்டு வாரம் தொடர்ந்து கூடினால், அடுத்த தேதி வரை காத்திராமல் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.